வவுச்சர் இல்லாத கதைகள்

போன மாதம் எனக்கு ஒரு சின்ன அவமானம் நேர்ந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விஷயத்துக்கு வருகிறேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், பள்ளிக் காலைக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேச வேண்டும். தலைப்பு: ஆங்கில மரபுத்தொடர்கள் பிறந்த கதை. "அப்பா, உங்ககிட்ட ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறதாவா? கல்லூரிக் காலத்தில் மின்னஞ்சலில் வந்து, இன்று வாட்ஸ்அப்பில் மறுபிறவி எடுத்திருக்கும் ஒரு ஃபார்வர்ட் என்னிடம் பத்திரமாக இருந்தது. '1500களில் வாழ்க்கை' என்று அதற்குப் பெயர். 1999இல் சுற்ற ஆரம்பித்தது, இன்னும் நின்றபாடில்லை.

அதிலிருந்து இரண்டு கதைகளை எடுத்துக் கொடுத்தேன். ஒன்று, 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'. அந்தக் காலத்தில் ஓலைக்கூரை வீடுகளில் குளிருக்காக நாயும் பூனையும் கூரையில் ஏறிப் படுத்திருக்குமாம். மழை பெய்தால் வழுக்கித் தொப்பென்று விழுமாம். அதனால்தான் கொட்டுகிற மழைக்கு அந்தப் பெயராம். இன்னொன்று, 'சேவ்ட் பை த பெல்'. உயிரோடு இருப்பவரைத் தவறிப்போய்ப் புதைத்துவிடக் கூடாதே என்று பிணத்தின் கையில் கயிறு கட்டி, மேலே ஒரு மணியோடு இணைத்திருப்பார்களாம். மணி அடித்தால் தோண்டி எடுப்பார்களாம்.

பேசிவிட்டு வந்தவளிடம் ஆங்கில ஆசிரியை மெதுவாகக் கேட்டிருக்கிறார்: "இதை எங்கே படித்தாய்?" "அப்பா சொன்னார்." "அப்பா எங்கே படித்தார்?" அதற்கு அவளிடம் பதில் இல்லை.

மாலையில் வீட்டுக்கு வந்தவள் பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டாள்: "ஏம்ப்பா, பேங்க்லயும் யார் எதை நீட்டினாலும் இப்படித்தான் வாங்கி வச்சுப்பீங்களா?"

இருபது வருடமாக வங்கியில் வேலை பார்க்கிறேன். பி.காம். முதல் வருடத்தில் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிய முதல் பாடமே, வவுச்சர் இல்லாமல் பதிவு இல்லை என்பதுதான். ஐம்பது ரூபாய் டீச்செலவுக்குக்கூட ரசீது கேட்கிற நான், ஒரு நாட்டின் சரித்திரத்தை ரசீதே இல்லாமல் என் பெண்ணின் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்குப் புத்தி எங்க போச்சு என்று எங்கள் பாட்டி சொல்வாள். அது எனக்காகவே சொன்னது போலிருந்தது.

சரி, ஆடிட் பண்ணிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

ஆடிட்டுக்கு ஒரு நல்ல லெட்ஜர் வேண்டும். ஆங்கிலத்துக்கு அது இருக்கிறது: ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1884இல் முதல் பகுதி வெளிவந்து, 1928இல் முழுதாக முடிந்த வேலை. அதன் சிறப்பு பொருள் சொல்வது மட்டுமில்லை. ஒவ்வொரு சொல்லும் எந்த வருடம், எந்த நூலில், எந்தப் பொருளில் வந்தது என்று தேதிவாரியாக எடுத்துக்காட்டு கொடுத்திருப்பார்கள். நம் டே புக் மாதிரி. கதை 1500 என்று சொல்லி, சொல்லின் முதல் பதிவு 1890 என்று இருந்தால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஒரே சோதனையில் என் இரண்டு கதைகளும் விழுந்தன. மணிக்கதையில் கொஞ்சம் உண்மை உண்டு. மணி வைத்த சவப்பெட்டிகளுக்கு 19ஆம் நூற்றாண்டில் காப்புரிமைகூட வாங்கியிருக்கிறார்கள். ஆனால் தொடர் அங்கே பிறக்கவில்லை. அது குத்துச்சண்டைக் களத்தில் பிறந்தது. அடி வாங்கிச் சாய்ந்தவனை எண்ணி முடிப்பதற்குள் சுற்று முடிந்த மணி அடித்துவிட்டால் பிழைத்தான். கூரை மேல் நாய் பூனை படுத்திருந்ததற்கோ எந்தச் சான்றும் இல்லை. வழுக்கி விழ வேண்டுமானால் அவை கூரைக்கு உள்ளே அல்ல, மேலே நனைந்துகொண்டே படுத்திருக்க வேண்டும். மழையில் எந்தப் பூனை அப்படிப் படுக்கும்? நாயும் பூனையும் மழையாகப் பொழிகிற பேச்சு 17ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. 1738இல் ஜொனாதன் ஸ்விஃப்ட் இன்று நாம் சொல்கிற வடிவிலேயே எழுதிவிட்டார். ஏன் நாய், ஏன் பூனை என்பதற்கு அறிஞர்களிடமே முடிவான பதில் கிடையாது.

இன்னொரு கதையும் ரொம்பப் பிரபலம். 'ரூல் ஆஃப் தம்ப்'. கட்டைவிரல் பருமனுக்கு மேற்படாத குச்சியால் மனைவியை அடிக்கலாம் என்று இங்கிலாந்தில் சட்டம் இருந்தது, அதிலிருந்து வந்தது என்பார்கள். 1782இல் நீதிபதி பிரான்சிஸ் புல்லர் அப்படிச் சொன்னதாக ஒரு பேச்சு கிளம்பி, ஜேம்ஸ் கில்ரே என்ற கேலிச்சித்திரக்காரர் அவரை 'ஜட்ஜ் தம்ப்' என்று வரைந்து நாறடித்துவிட்டார். ஆனால் அப்படி ஒரு தீர்ப்பு எந்தப் பதிவிலும் இல்லை. மனைவியை அடிக்கிற கொடுமை இருந்தது உண்மை, இந்தத் தொடருக்கு அது மூலம் என்பதுதான் பொய். தொடரோ அதற்கு நூறு வருடம் முன்பே, 17ஆம் நூற்றாண்டில் அச்சில் வந்துவிட்டது. அளவுகோல் இல்லாத இடத்தில் கட்டைவிரலை வைத்து அளப்பது, அவ்வளவுதான். நம்மூரில் விரற்கடை, சாண், முழம் என்று அளக்கவில்லையா? பூக்காரம்மா முழம் போடும்போது யார் ஸ்கேல் கேட்டோம்?

ரசீது சரியாக இருக்கிற கதைகளும் உண்டு. 'ரீட் த ரயட் ஆக்ட்' என்றால் கடுமையாகக் கண்டித்து எச்சரிப்பது. பரீட்சை மார்க் வந்த அன்று என் மனைவி வீட்டில் செய்வது. இதற்குப் பின்னால் நிஜமான சட்டமே இருக்கிறது. பிரிட்டிஷ் பாராளுமன்றம் நிறைவேற்றி, 1715இல் அமலுக்கு வந்தது. 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால், மாஜிஸ்திரேட் வந்து அரசர் பெயரால் ஓர் அறிவிப்பை உரக்கப் படிப்பார். படித்து ஒரு மணி நேரத்துக்குள் கலைய வேண்டும். கலையாவிட்டால் மரண தண்டனை வரை போகலாம். 144 தடை உத்தரவு என்று நாம் சொல்லிப் பழகியதன் (2024க்குப் பிறகு பிரிவு எண் மாறிவிட்டது) தூரத்துச் சொந்தம் மாதிரி. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய பெருங்கூட்டத்துக்குள் குதிரைப்படை புகுந்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்தச் சட்டத்தைப் படித்தார்களா, படித்திருந்தாலும் யார் காதிலாவது விழுந்ததா என்பது இன்றுவரை சர்ச்சை. இன்று நாம் சிரித்துக்கொண்டே சொல்கிற தொடருக்குப் பின்னால் இவ்வளவு ரத்தம்.

பாதி ரசீது உள்ளது 'பேங்க்ரப்ட்'. இத்தாலிய மொழியில் 'பாங்கோ' என்றால் பலகை, விசுப்பலகை. பணம் மாற்றுகிறவர்கள் சந்தையில் அதன் மேல் காசைப் பரப்பி வைத்துத் தொழில் செய்தார்கள். என் வயிற்றைக் கழுவும் 'பேங்க்' என்ற சொல் அந்தப் பலகையிலிருந்து வந்ததுதான். 'ரோட்டா' என்றால் உடைந்தது. உடைந்த பலகை, அதாவது திவால். இதுவரை சரி. திவாலானவன் பலகையை ஊரார் கூடிச் சம்மட்டியால் உடைத்தார்கள் என்று சேர்த்துச் சொல்வார்களே, அதற்குத்தான் சான்று பலவீனம். நாமும் 'குடி முழுகிப்போச்சு' என்கிறோம். எந்த வெள்ளத்தில் என்று யார் கேட்கிறார்கள்?

இப்படித் தோண்டிக்கொண்டே போனபோது, என் கவுண்டரிலேயே ஒரு சரித்திரம் உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

சாயங்காலம் கேஷ் மூடும்போது "டேலி ஆயிடுச்சா?" என்று கேட்காத நாள் கிடையாது. நாடு முழுக்கக் கடைக்காரர்கள் கணக்கு எழுதுகிற மென்பொருளுக்கே அந்தப் பெயர்தான். ஆனால் டேலி என்பது முதலில் ஒரு குச்சி.

இங்கிலாந்து அரசாங்கத்தின் கஜானாவில் 12ஆம் நூற்றாண்டிலிருந்து கணக்கு எழுதியது மரக்குச்சியில். வரி கட்டுகிறவர் எவ்வளவு கொடுத்தார் என்பதைக் குச்சியில் வெட்டுக்களாகப் போடுவார்கள். அந்த நூற்றாண்டிலேயே ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற கஜானா அதிகாரி அளவுகளை எழுதி வைத்திருக்கிறார். 1,000 பவுனுக்கு உள்ளங்கைப் பருமன் வெட்டு. 100 பவுனுக்குக் கட்டைவிரல் பருமன். 20 பவுனுக்குச் சுண்டுவிரல். 1 பவுனுக்கு ஒரு வாற்கோதுமை மணி அளவு. ஒரு பென்னிக்கு வெறும் கீறல். வெட்டி முடித்ததும் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். நீளமான துண்டு பணம் கொடுத்தவருக்கு, அதன் பெயர் 'ஸ்டாக்'. குட்டையான துண்டு கஜானாவுக்கு, அதன் பெயர் 'ஃபாயில்'.

நாளைக்குத் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான். வெட்டுக்கள் பொருந்தினால் 'டேலி' ஆயிற்று. ஒருவர் தன் துண்டில் திருட்டுத்தனமாக ஒரு வெட்டைக் கூட்டினால் மற்றதில் அது இருக்காது. மரத்தின் ரேகையும் காட்டிக் கொடுத்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் ஏமாற்ற முடியாத ரசீது. எங்கள் ஊரில் மோர்க்காரம்மா எங்கள் வீட்டுச் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பார். கோடு எங்கள் சுவரில், கணக்கு அவர் மனதில். மாதக் கடைசியில் இரண்டும் பொருந்த வேண்டும். தத்துவம் அதேதான்.

பணம் கட்டும் சலானில் துளையிட்ட கோட்டில் கிழித்து, முத்திரை குத்தி உங்களிடம் நீட்டுகிறோமே கவுண்டர்ஃபாயில், அந்தப் பெயர் இந்தக் குச்சித் துண்டின் பெயர். மரம் காகிதமானது, பெயர் மாறவில்லை. அந்தக் கஜானாவின் பெயர் 'எக்ஸ்செக்கர்'. மேசை மேல் சதுரங்கக் கட்டம் போட்ட துணி விரித்துக் காய்களை நகர்த்திக் கணக்குப் போட்டதால் வந்த பெயர். நம் காசோலையின் 'செக்'குக்கும் அந்தக் குடும்பத்தோடு உறவு உண்டு. அந்தக் குடும்பத்தின் மூதாதை, சதுரங்கத்தில் அரசனைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான 'ஷா'!

எழுநூறு வருடம் ஓடிய இந்தக் குச்சி முறையை ஒழிக்க 1782இல் சட்டம் போட்டார்கள். இருக்கிற அதிகாரிகளின் பதவி போகும்வரை பழைய முறையே தொடரட்டும் என்று அதில் ஒரு சலுகை. அரசாங்க வேலை என்றால் எந்த ஊரிலும் ஒன்றுதான். 1826இல்தான் குச்சி ஓய்ந்தது. மிஞ்சிய மலை மலையான குச்சிகளை என்ன செய்வது? 1834 அக்டோபர் 16 அன்று, பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த உலைகளில் போட்டு எரிக்கச் சொன்னார்கள். இரண்டு வண்டிச் சுமை. காலையிலிருந்து இரண்டு ஆட்கள் அள்ளி அள்ளிப் போட்டார்கள். மத்தியானம் சபையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குக் காலுக்குக் கீழே தரை சுட்டது. புகை மண்டியது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் தீ கிளம்பி, இரு சபைகளும் எரிந்து போயின. ஓவியர் டர்னர் அந்தத் தீயை இரண்டு எண்ணெய் ஓவியங்களாக வரைந்திருக்கிறார். 1855இல் சார்லஸ் டிக்கன்ஸ் ஒரு கூட்டத்தில் இதைச் சொல்லிக் கிண்டல் செய்தார். பக்கத்திலிருந்த ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும், அது அதிகாரிகளுக்குத் தோன்றவில்லை என்பது அவர் வாதம். பழைய வவுச்சரை அழிக்கும் விதிமுறை எதற்கு என்று கேட்கிற புது கிளர்க்குகளுக்கு இனிமேல் இந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

குச்சிக்குக் காகிதத்தில் ஒரு தம்பி உண்டு. ஒரே தாளில் ஒரே ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவில் பல் பல்லாக வளைத்து வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வார்கள். பற்கள் பொருந்தினால் பத்திரம் அசல். லத்தீனில் பல்லுக்கு 'டென்ஸ்'. அதனால் அந்தப் பத்திரத்துக்கு 'இன்டென்ச்சர்' என்று பெயர். 1845இல் வந்த ஓர் ஆங்கிலச் சட்டம், வெட்டாமலே இருந்தாலும் இன்டென்ச்சர் செல்லும் என்று சொல்லிவிட்டது. வெட்டு போனது, பெயர் நின்றது.

இந்தச் சொல்லை நம்மவர்கள் அகராதியில் படிக்கவில்லை, உடம்பால் படித்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல், சென்னையில் ஏற்றிய 300க்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. தமிழரும் தெலுங்கருமாகக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். அவர்கள் கைநாட்டு வைத்தது இன்டென்ச்சரில். ஃபிஜிக்குப் போனவர்கள் வாயில் 'அக்ரிமென்ட்' என்ற சொல் 'கிர்மித்' ஆயிற்று.

1894இல் நேட்டாலில் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, இளம் வக்கீலான காந்தியிடம் வந்து நின்றார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம். தலைத்துணியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வெள்ளையர் முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். காந்தி அதை மறுபடி கட்டிக்கொள்ளச் சொன்னார். நடந்ததைக் காந்திக்குப் புரியவைத்தவர் அவருடைய தமிழ் குமாஸ்தா. முதலாளிக்குத் தண்டனை வாங்கித் தருவதைவிட அந்த மனிதரை அங்கிருந்து விடுவிப்பதுதான் காந்தியின் நோக்கம். ஒப்பந்தத்தை வேறு முதலாளிக்கு மாற்றிக் கொடுத்தார். இதையெல்லாம் காந்தியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இரண்டு தரப்பும் ஏமாறாமல் இருக்கத்தான் பத்திரத்துக்குப் பல் வெட்டினார்கள். பாலசுந்தரம் விஷயத்தில் அந்தப் பெயர் கொண்ட காகிதம் ஒரு தரப்பை மட்டும் காப்பாற்றியது. நானும் மாற்றல் ஆர்டரைக் கையில் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ரயில் ஏறி வந்தவன்தான். ஆனால் என் ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியும். அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

கடைசியாக ஒரு வாக்குமூலம். 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'காசு'தான் என்று அலுவலகத்தில் ஹிந்தி நண்பர்களிடம் எத்தனையோ முறை டீ குடித்துக்கொண்டே மார்தட்டியிருக்கிறேன். ஆடிட்டில் அதுவும் மாட்டியது. கவுண்டரில் நான் எண்ணுகிற 'கேஷ்', பெட்டி என்று பொருள்படும் இத்தாலிய 'காஸ்ஸா', பிரெஞ்சு 'கேஸ்' வழியாக வந்தது. காசு அல்ல. வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு 'கேஷ்' இருக்கிறது. சில்லறைக் காசைக் குறிக்கும் சொல். அது நிச்சயமாக நம் காசு, போர்ச்சுகீசியர் வாய் வழியாகப் போனது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தைக்கூட ஆங்கிலேயர்கள் அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா. 'ஃபனம்' என்று அவர்கள் எழுதியதும் நம் பணம்தான். இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே அடித்த 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை மூட்டை மூட்டையாக மேலே எடுத்தார்கள். நான் அடித்துவிட்ட கதையைவிட இது எவ்வளவோ மேல். இதற்கு வவுச்சர் கடலுக்கடியிலிருந்தே வந்திருக்கிறது.

ஊரை விட்டுத் தள்ளி இருக்கிற நமக்கு இந்த ஆசை கொஞ்சம் அதிகம். எல்லாம் நம்மிடமிருந்து போனது என்று சொன்னால் மனசு நிறைகிறது. பிள்ளைகளும் நம்பிக்கொள்கிறார்கள். ஆனால் பள்ளியில் யாராவது ஒரே ஒரு கேள்வி கேட்டு அந்தக் கதை உடைந்தால், அதோடு நாம் சொன்ன மற்ற உண்மைகளையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்த நஷ்டம்தான் பெரிது.

ஆசிரியை நல்லவர், மகளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். இந்த முறை என்னிடமிருந்து அவள் வாங்கிப் போனது ஒரு வெற்றுச் சலான் மட்டும். எல்லோர் முன்னாலும் அதைக் கிழித்து, கவுண்டர்ஃபாயிலைக் கையில் தூக்கிப் பிடித்துக் குச்சிக் கதையைச் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை எங்கே படித்தாய் என்று கேட்கும் முன்பே அதையும் சொல்லிவிட்டாளாம்.

இப்போது வீட்டில் நான் எந்தக் கதையைத் தொடங்கினாலும், "வவுச்சர் இருக்காப்பா?" என்கிறாள். உங்கள் வீட்டிலும் இப்படிச் சொல்லி மாட்டிக்கொண்ட கதை இருந்தால் எழுதுங்கள். சேர்ந்தே டேலி பார்க்கலாம்.